கண்ணியமான வேலையை யார் அளப்பது? செட்டிநாட்டுக்குப் பொருந்தும் ஆய்வு எது?

என் அண்ணன் மகள் பொருளாதாரத்தில் முதுகலை முடிக்கப் போகிறாள். கிராமத்து வறுமை, வேலை, கூலி இவற்றில்தான் ஆராய்ச்சி செய்வேன் என்று உறுதியாக இருக்கிறாள். போன மாதம் காரைக்குடிக்கு வந்தபோது கேட்டாள்: "அத்தை, வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோட சேர்ந்து நடக்கிற ஆராய்ச்சியில மூணு வகை கண்ணுல படுது. எதுல சேர்ந்தா நம்ம ஊருக்கு ஏதாவது கிடைக்கும்?"

நான் 18 வருடமாக இந்தப் பக்கத்துக் கிராமங்களில் கணக்கெடுப்பு வேலை பார்க்கிறவள். கல்லல், தேவகோட்டை, புதுவயல் என்று யார் யாருக்கோ படிவம் நிரப்பிக் கொடுத்திருக்கிறேன். அவளிடம் அரைகுறையாகச் சொன்ன பதிலை இங்கே முழுதாக எழுதிவிடுகிறேன். அவளைப் போல யோசிக்கிற பிள்ளைகள் வேறு பலரும் இருப்பார்கள்.

முதலில் இந்த ஆராய்ச்சிகளில் அடிபடும் "கண்ணியமான வேலை" என்ற சொல்லைப் பார்க்க வேண்டும். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் தலைமை இயக்குநராக இருந்த ஹுவான் சொமாவியா 1999-ல் முன்வைத்த கருத்து இது. வேலை கிடைக்க வேண்டும், வேலையில் உரிமை வேண்டும், நோய்க்கும் முதுமைக்கும் பாதுகாப்பு வேண்டும், முதலாளியோடும் அரசோடும் பேச வழி வேண்டும். இந்த நான்கும் சேர்ந்ததுதான் அது. 2015-ல் ஐ.நா. வகுத்த நீடித்த வளர்ச்சி இலக்குகளில் எட்டாவதாக அது இடம்பெற்றது. ஆங்கிலத்தில் "டீசன்ட் வொர்க்" என்பதைத்தான் தமிழில் இப்படி எழுதுகிறோம்.

இதை அப்படியே படிவத்தில் போட்டுக் கேட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். "உங்கள் வேலை கண்ணியமானதா?" என்று, விறகை எரித்துக் கரியாக்கும் கரிமூட்டம் போடுகிற ஒருவரிடம் கேட்டேன். அவர் முகம் மாறிவிட்டது. "நான் யாரையும் ஏமாத்தலையே தாயி, ஒழைச்சுத்தானே சாப்பிடுறேன்" என்றார். நம் பேச்சில் கண்ணியம் என்பது ஆளைப் பற்றியது. வேலையின் நிலைமையைக் கேட்கப் போன கேள்வி, அவருடைய நடத்தையைச் சந்தேகப்பட்டதுபோல அவர் காதில் விழுந்தது. "கௌரவமான வேலை" என்று மாற்றிக் கேட்டால் சர்க்கார் உத்தியோகம் என்று பதில் வரும். அதற்கப்புறம் நான் அந்தச் சொல்லையே விட்டுவிட்டேன். கூலி என்றைக்குக் கைக்கு வருகிறது, அடிபட்டால் ஆஸ்பத்திரிச் செலவு யாருடையது, இன்றைக்கு வரமாட்டேன் என்று சொன்னால் நாளைக்கு வேலை உண்டா என்று கேட்பேன். பதில் தானாக வரும்.

சரி, மூன்று வகைக்கு வருவோம். மூன்றையும் ஒரே மூன்று பேர் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். ஒருவர் ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறையில் வேலை செய்கிறவர். இன்னொருவர் சீமைக்கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடுகிறவர். மூன்றாவது, காரைக்குடியில் வீட்டிலிருந்தபடியே கடைக்காக முறுக்கு, அதிரசம் செய்து கொடுக்கும் பெண்.

பல நாட்டுப் பல்கலைக்கழகங்கள் ஒன்றுகூடும் பெரிய கூட்டமைப்பு முதல் வகை. ஜெர்மனியின் காஸல் பல்கலைக்கழகத்தில் 2009-ல் தொடங்கிய வளர்ச்சிக்கும் கண்ணியமான வேலைக்குமான பன்னாட்டு மையம் நல்ல எடுத்துக்காட்டு. ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பான டாட் வழியாக அந்த நாட்டு அரசின் பணம் வந்தது. மும்பை டாடா சமூக அறிவியல் நிறுவனம், தென்னாப்பிரிக்காவின் விட்வாட்டர்ஸ்ராண்ட், பிரேசிலின் கம்பினாஸ், கென்யாவின் எகர்டன், பாகிஸ்தானின் பைசலாபாத் வேளாண் பல்கலைக்கழகம் எல்லாம் அதில் கூட்டாளிகளாகச் சேர்ந்தன. காஸலில் வேளாண் அறிவியலும் சமூக அறிவியலும் ஒரே பல்கலைக்கழகத்துக்குள் இருப்பதால், மண்ணைப் பற்றியும் கூலியைப் பற்றியும் ஒரே மேசையில் பேச முடிகிறது. இது எனக்குப் பிடித்த விஷயம். நம் ஊரில் கண்மாய் வறண்டதை ஒருவர் ஆராய்வார், ஊரைவிட்டுப் பிழைக்கப் போனதை வேறொருவர் ஆராய்வார். இரண்டு பேரும் சந்திப்பதேயில்லை.

இந்த வகையின் பலம், ஒப்பிட முடிவது. வீட்டிலிருந்து முறுக்குச் சுற்றுகிற பெண்ணின் நிலைமையைக் கென்யாவிலோ பிரேசிலிலோ வீட்டிலிருந்து வேலை செய்யும் பெண்ணின் நிலைமையோடு சேர்த்து வைத்துப் பார்க்கலாம். அங்கே சங்கம் கட்டினார்களா, எப்படிக் கட்டினார்கள் என்று கற்றுக்கொள்ளலாம். வீட்டிலிருந்து செய்யும் வேலைக்கென்றே 1996-ல் 177-ஆம் எண் உடன்படிக்கை ஒன்று வந்தது. இந்தியா அதில் இன்னும் சேரவில்லை. இந்தப் பெண்ணுக்கு அப்படியொன்று இருப்பதே தெரியாது. அதைச் சொல்லிக் கொடுக்க இப்படிப்பட்ட கூட்டமைப்பு வேண்டும். முனைவர் பட்டத்துக்கு உதவித்தொகையும் கிடைக்கும். வசதியில்லாத வீட்டுப் பிள்ளைக்கு அது சின்ன விஷயம் இல்லை.

பலவீனம், கேள்விகள் எங்கிருந்து வருகின்றன என்பதில் இருக்கிறது. பணம் ஒரு தேசத்திலிருந்து வரும்போது, தலைப்பும் பெரும்பாலும் அங்கிருந்தே வந்துவிடுகிறது. ஐந்து நாட்டுக்கும் பொருந்தும் கேள்வி வேண்டும் என்பதற்காக, எந்த ஊருக்கும் முழுதாகப் பொருந்தாத கேள்வியை எழுதிவிடுவார்கள். வெளிநாட்டுக் கூட்டில் நடந்த ஒரு வேலையில் "உங்கள் முதலாளி யார்?" என்ற கேள்வி இருந்தது. முறுக்குச் செய்யும் பெண் கடைக்காரரைச் சொல்வாளா, மாவும் எண்ணெயும் கொண்டுவந்து கொடுக்கும் இடைத்தரகரைச் சொல்வாளா, தன் மாமியாரைச் சொல்வாளா? மூன்று வீட்டில் மூன்று பதில் வந்தது. படிவத்தில் ஒரு கட்டம்தான் இருந்தது. மேற்பார்வைக்கு வந்தவர் "சுயதொழில்" என்று போடச் சொன்னார். போட்டேன். அது இன்றைக்கும் உறுத்துகிறது.

இரண்டாம் வகை, ஒரே ஊருக்குத் திரும்பத் திரும்பப் போவது. இதைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே எழுதப்போகிறேன்.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளாதாரத்துக்கு முதல் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், 1916-ல் தன் மாணவர்களை அவரவர் ஊருக்கு அனுப்பி, நிலம், கூலி, கடன் எல்லாவற்றையும் எழுதிவரச் சொன்னார். அந்த ஊர்களில் ஒன்று வடமலைபுரம். இன்று விருதுநகர் மாவட்டத்தில் இருக்கிறது, அன்று பழைய இராமநாதபுரம் மாவட்டம். செட்டிநாடும் அப்போது அதே மாவட்டம்தான். 1936-37-ல் பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் அதே ஊர்களுக்கு மறுபடி ஆள் அனுப்பினார்கள். ஸ்லேட்டரின் ஊர்களில் இன்னொன்றான தென்னாற்காட்டு இருவேல்பட்டுக்கு 1980-களின் தொடக்கத்தில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் எஸ். குகனும் அமெரிக்க மானுடவியலாளர் ஜோன் மென்ச்சரும் போனார்கள். 2008-ல் ஜான் ஹாரிஸ், ஜெயரஞ்சன், நாகராஜ் மூவரும் போனார்கள். ஒரே ஊரின் 90 வருடக் கதை கையில் இருக்கிறது. பெரிய நிலக்காரரின் பிடி எப்படித் தளர்ந்தது, விவசாயக் கூலிகள் எப்படி வெளிவேலைக்குப் போனார்கள் என்பதை அதில் அடுத்தடுத்துப் பார்க்கலாம். ஒரு தடவை மட்டும் போய்வந்த ஆய்வில் இது கிடைக்கவே கிடைக்காது.

இன்னொன்று, 1955-ல் தொடங்கிய புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம். அதோடு சேர்ந்து பிரெஞ்சு ஆய்வாளர்களும் தமிழ்நாட்டு ஆய்வாளர்களும் கடலூர், விழுப்புரம் பக்கத்தில் 10 ஊர்களில் 2010-லும், 2016-17-லும், 2020-21-லும் வீடுகளைத் தேடிப் போனார்கள். செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் முன்பணம் வாங்கிக்கொண்டு போகிற குடும்பங்களின் கடன் கணக்கை அப்படித்தான் புரிந்துகொள்ள முடிந்தது.

இந்த முன்பண விஷயத்துக்காகவே நான் இரண்டாம் வகையின் பக்கம் சாய்கிறேன். கரிமூட்டம் போடுகிறவரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரத்துக் கணக்கில் அவர் வேலையிலிருப்பவர். அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பில் வாராந்திர நிலை என்று ஒன்று உண்டு. போன ஏழு நாளில் ஏதாவது ஒரு நாள் ஒரு மணி நேரம் வேலை செய்திருந்தாலே வேலையிலிருப்பவர் என்று பதிவாகும். ஆனால் அவர் வாங்கிய முன்பணம் எந்த வருடத்துடையது, அதில் எவ்வளவு கழிந்தது, மகள் கல்யாணத்துக்கு மேலும் எவ்வளவு ஏறியது என்பது ஒரு வாரத்தில் தெரியாது. முதல் தடவை போனால் "கடனா, அதெல்லாம் இல்லம்மா" என்பார். இரண்டாம் தடவை டீ கொடுப்பார். மூன்றாம் தடவைதான் நோட்டை எடுத்துக் காட்டுவார். நகரத்தார் கடைகளில் ஐந்தொகை என்னும் சொத்து, கடன் கணக்குப் போட்டுப் பழகிய பூமி இது. சின்னக் கூலிக்காரர் வீட்டிலும் பற்று வரவு எழுதிய ஒரு நோட்டு இருக்கும். அது யார் கண்ணில் படுகிறது என்பதுதான் கேள்வி.

டைல்ஸ் பட்டறையிலும் இதே கதைதான். கண்ணாடி மேல் அச்சை வைத்து, வண்ணக் கலவையை ஊற்றி, மேலே சிமெண்டும் மணலும் போட்டு, தண்ணீரில் ஊறவைத்து, வெயிலில் காயவைக்க வேண்டும். சூளையில் வேகவைக்காத ஓடு அது. அதனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் வேலை மந்தம். சிமெண்ட் தண்ணீரில் விரல் வெந்துபோவது ஒரு நாளில் தெரிவதில்லை, வருடக்கணக்கில் தெரிகிறது. பங்குனியில் மட்டும் வருகிற ஆய்வாளர், நிறைய வேலையையும் சிரித்த முகத்தையும் பார்த்துவிட்டுப் போவார். நான் கண்டதைத்தான் சொல்கிறேன்.

இந்த வகைக்குக் குறை இல்லாமல் இல்லை. மெதுவாக நடக்கும். பணம் கொடுப்பவர்கள் மூன்று வருடத்தில் முடிவு கேட்பார்கள், பத்து வருடம் காத்திருக்க மாட்டார்கள். ஒரு ஊரை வைத்து மாவட்டத்தையே எடைபோட முடியாது. ஊரின் பெரிய மனிதர் வீட்டில் தங்கி ஆய்வு செய்தால், காலனிப் பக்கம் இருப்பவர்கள் வாய் திறக்க மாட்டார்கள். இதையும் பார்த்திருக்கிறேன்.

மூன்றாம் வகை, சோதனை முறை. ஊர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குத் திட்டத்தைக் கொடுத்து, இன்னொரு பாதியோடு ஒப்பிடுவது. 2003-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் தொடங்கிய ஜே-பால் என்ற வறுமை ஆய்வு மையம் இதில் பெயர் பெற்றது. அதைத் தொடங்கியவர்களில் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ இருவரும் மைக்கேல் கிரெமரோடு 2019-ல் பொருளாதார நோபல் பெற்றார்கள். 2014-ல் தமிழ்நாடு அரசும் ஜே-பாலோடு ஒப்பந்தம் போட்டது. பழைய ஆந்திராவில் 157 மண்டலங்களில் (நம் ஒன்றியம் மாதிரி) நூறு நாள் வேலைக் கூலியை ஸ்மார்ட் கார்டு வழியாகக் கொடுத்துப் பார்த்த சோதனை உண்மையிலேயே நல்ல வேலை. கூலி சீக்கிரம் வந்தது, நடுவில் ஒழுகுவது குறைந்தது என்று தெளிவாகக் காட்டியது. கூலி தாமதமாவது எங்கள் ஊரிலும் முக்கியமான வலி. அந்த மாதிரி ஒரு குறுகிய கேள்விக்கு இதைவிடச் சிறந்த வழி இல்லை.

ஆனால் முன்பணத்தைச் சோதனைக்கு உட்படுத்த முடியாது. பாதிப் பேரைக் கடனில் வைத்துப் பார்ப்பது என்பது நினைக்கவே கூடாத காரியம். "முதலாளியிடம் என்னால் ஏன் பேச முடியவில்லை" என்று கூலிக்காரர் கேட்கும் கேள்விக்கும் அங்கே இடமில்லை. அதனால் இதில் அதிகம் நிற்கவில்லை.

மூன்றையும் தாண்டி நான் பார்க்கும் விஷயம் ஒன்று உண்டு. எழுதியெடுத்தது கடைசியில் எங்கே போய்ச் சேருகிறது? இதற்கு எங்கள் பக்கத்திலேயே ஒரு முன்மாதிரி இருக்கிறது. கோட்டையூர் ரோஜா முத்தையா 1950-களிலிருந்து தமிழ் நூல்களையும் இதழ்களையும் தேடித் தேடிச் சேர்த்தார். அவர் 1992-ல் இறந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. வாங்கியவர்கள் கப்பலில் ஏற்றிக்கொண்டு போகவில்லை. 1994-ல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவாகி, எல்லாம் இங்கேயே இருக்கிறது. நுண்படமும் எடுத்தார்கள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தால் பொருள் நம் கையைவிட்டுப் போக வேண்டும் என்று விதி ஏதும் இல்லை. புத்தகத்துக்குச் செய்ய முடிந்ததைக் கூலிக்காரரின் வாக்குமூலத்துக்கும் செய்யலாமே. பெயரையும் ஊரையும் மறைத்துவிட்டு, தமிழில் எழுதிய குறிப்புகளை அழகப்பா பல்கலைக்கழகத்திலோ வேறு எங்கள் பக்கத்து நூலகத்திலோ ஒரு படி வைக்கச் சொல்லிக் கேட்கலாம்.

ஆக, என் வரிசை இது. இருந்து நின்று செய்கிற இரண்டாம் வகை முதலில். அடுத்து, காஸல் மாதிரியான கூட்டமைப்பு. ஒரே ஊரில் வருடக்கணக்கில் நிற்க உதவித்தொகை வேண்டும், அதில் ஒரு பகுதியாவது அங்கே கிடைக்கும். அதனால் இரண்டையும் ஒட்டவைக்க முடியுமா என்று பார் என்று அவளிடம் சொன்னேன். அவர்கள் தலைப்பில் சேர்ந்துகொள், ஊர் மட்டும் உன்னுடையதாக இருக்கட்டும் என்றேன். சோதனை முறை கடைசியில், கூலி பட்டுவாடா போன்ற ஒற்றைக் கேள்விக்கு மட்டும்.

அவள் உடனே தலையாட்டவில்லை. "அத்தை, இரண்டாம் வகையில சேர்ந்தா நான் பட்டம் வாங்கறதுக்குள்ள வயசாகிடும்" என்றாள். நியாயம்தான். இருந்தாலும் கல்லல் பக்கத்தில் ஒரே ஊரில் 40 வீடுகளை நாங்கள் இருவரும் சேர்ந்து எழுதிவைக்கத் தொடங்கலாம் என்று முடிவெடுத்திருக்கிறோம். முதல் சுற்று ஆடியில், முறுக்குக்கு ஆர்டர் இல்லாத மாதத்தில். இரண்டாம் சுற்று தீபாவளிக்கு முந்தின இரண்டு வாரம். "முதலாளி யார்" என்ற கேள்விக்கு இந்தத் தடவை கட்டம் போடவில்லை, நாலு வரி இடம் விட்டிருக்கிறோம்.