இரும்புச்சத்து மாத்திரை: தினமுமா, ஒரு நாள் விட்டு ஒரு நாளா?

ஹீமோகுளோபின் ஓரளவு இருந்தும் ஃபெரிட்டின், அதாவது இரும்பின் சேமிப்பு, தரைதட்டிக் கிடக்கும் பெண்கள் ஏராளம். எனக்கும் அப்படியொரு பரிசோதனை முடிவு வந்தபோது, மருத்துவரைக் கலந்துகொண்டு ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாத்திரை போடத் தொடங்கினேன். இன்றும் என் கட்சி அதுதான்.

தினசரி முறையின் வசதி தெரிந்ததே: பழகிவிட்டால் மறக்காது. டீ, காபியோடு விழுங்கக் கூடாது என்பதும் மலம் கறுக்கும் என்பதும் இரண்டுக்கும் பொது.

முடிவைத் தீர்மானிப்பது ஹெப்சிடின் என்கிற ஹார்மோன். பழைய சிவப்பணுக்களை உடைத்து நாளொன்றுக்கு 20 முதல் 25 மில்லிகிராம் இரும்பை உடல் தானே மீட்டுக்கொள்கிறது. உணவிலிருந்து எடுப்பது 1 முதல் 2 மில்லிகிராம்தான். மிகுந்துபோன இரும்பைக் கழித்துக்கட்ட உடலுக்கு வழி கிடையாது. எனவே காவல் முழுவதும் நுழைவிடத்தில். குடல் செல்லுக்குள் வந்த இரும்பு ரத்தத்தில் சேர ஃபெரோபோர்ட்டின் என்ற ஒரே புரதக் கதவுதான் உண்டு. ரத்தத்தில் இரும்பு ஏறினால் கல்லீரல் ஹெப்சிடினைச் சுரக்கும். அது அந்தக் கதவில் ஒட்டிக்கொண்டு, செல்லுக்குள் இழுத்துச் சிதைத்துவிடும். உள்ளே மாட்டிய இரும்பு, சில நாட்களில் அந்தச் செல் உதிரும்போது மலத்தோடு போய்விடும்.

60 மில்லிகிராம் இரும்பு உள்ள மாத்திரையைப் போட்டால் ஹெப்சிடின் மறுநாளும் உயர்ந்தே நிற்கிறது. தணிய 48 மணி நேரம் ஆகிறது. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று போடுவது இன்னும் வீண். சூரிச் ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வில், இரும்பு குறைந்த இளம்பெண்கள் 14 மாத்திரைகளைத் தினம் ஒன்றாக 14 நாட்கள் போட்டபோது மொத்தம் 131 மில்லிகிராம் சேர்ந்தது. அதே 14 மாத்திரைகளை 28 நாட்களில் பரப்பிப் போட்டவர்களுக்கு 175 மில்லிகிராம்.

இதில் ஒன்றை மறைக்கக் கூடாது. முதல் இரண்டு வாரத்தை மட்டும் கணக்கிட்டால் தினசரி முறைதான் முந்தும். ஆனாலும் நான் மாறமாட்டேன். சேராத இரும்பு குடலிலேயே தங்கித்தான் குமட்டலும் மலச்சிக்கலும் வருகின்றன. அவற்றுக்குப் பயந்தே பலர் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். சேமிப்பு நிரம்ப மாதக்கணக்கில் ஆகும். அத்தனை மாதமும் வயிறு தாங்கக்கூடிய முறையே எனக்கு நல்ல முறை.

கடுமையான ரத்தசோகையில் அவசரம் வேறு; அங்கே என் அனுபவம் உதவாது. கர்ப்பிணிகளுக்கு நம் அரசுத் திட்டம் 180 நாட்கள் தினமும் 60 மில்லிகிராம் தருகிறது. அதை யாரும் தாமாக மாற்ற வேண்டாம்.

காய்ச்சலோ தொற்றோ இருக்கும்போது இரண்டு முறையுமே சோபிக்காது. அழற்சி வந்தாலே ஹெப்சிடின் ஏறிவிடும். ஃபெரிட்டினும் கூடவே பொய்யாக உயரும் என்பதால், ரத்தப் பரிசோதனையை உடம்பு தேறிய பிறகு செய்துகொள்ளுங்கள்.