புருஷன் பெண்டாட்டி ஜோடிக்கு 40,000 முன்பணம் தருகிறோம் என்று செங்கல் சூளைக்குக் கூப்பிடுகிறார்களா? வாங்குவதற்கு முன் இதைப் படியுங்கள்

போன வாரம் எங்கள் ஊருக்கு, சூளைக்கு ஆள் பிடிக்கும் மேஸ்திரி ஒருவர் வந்துவிட்டுப் போயிருக்கிறார். ஏரியில் மாடு மேய்கிறது, கிணற்றில் தவளைகூட இல்லை என்று தெரிந்த பிறகுதான் இவர்கள் வருவார்கள். எனக்குத் தம்பி முறையாகும் பையன் ஒருவன், "அண்ணே, ஜோடிக்குக் கையில பணம் தராங்களாம், போலாமா?" என்று கேட்டான். அவனிடம் சொன்னதையே இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

எனக்குத் திருவண்ணாமலை மாவட்டம், செங்கம் பக்கம். இரண்டரை ஏக்கர். ஒரு ஏக்கருக்குக் கிணறு, மீதியெல்லாம் மானாவாரி மல்லாட்டை. மல்லாட்டை என்றால் நிலக்கடலை, எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். சாத்தனூர் அணைத் தண்ணீர் எங்கள் கொல்லைக்கு எட்டாது. வானம்தான் எல்லாம்.

2016 வடகிழக்குப் பருவமழையில் தமிழ்நாட்டுக்கு 440 மில்லிமீட்டர் கிடைத்திருக்க வேண்டும். வந்தது 168. நான் அதற்கு முன்பே செயினை அடகு வைத்து 720 அடிக்கு போர்வெல் போட்டிருந்தேன். புழுதிதான் பறந்தது. 2017 ஜனவரி 10 அன்று மாநிலம் முழுவதையும் வறட்சி என்று அறிவித்தார்கள். நிவாரணம் நெல்லுக்கு ஏக்கருக்கு 5,465 ரூபாய், நெல் அல்லாத மானாவாரிப் பயிருக்கு 3,000. போர் லாரிக்காரருக்கு நான் பாக்கி வைத்திருந்ததே அதைவிட அதிகம். நூறு நாள் வேலைக்கு ஏட்டில் 203 ரூபாய் கூலி. செய்த வேலையை அளந்து கூலி போட்டால் அதுவும் குறையும், வங்கிக் கணக்கில் ஏற மாதங்கள் ஆகும்.

அந்த நேரத்தில்தான் ஒரு மேஸ்திரி வந்தார். தூரத்துச் சொந்தம், எனக்கு மாமா முறை. முன்பின் தெரியாத ஆளாக இருந்தால் நான் நாலு கேள்வி கேட்டிருப்பேன். "ரெண்டு பேரும் போனா ஆறு மாசத்துல கடனை அடைச்சிட்டு வந்துடலாம் மாப்ள. ஆயிரம் கல்லுக்கு அறுநூறு" என்றார். பணத்தை என்னிடம் தரவில்லை. என் மனைவியைக் கூப்பிட்டு, "எண்ணிப் பாரும்மா" என்று அவள் கையில் 40,000 ரூபாயைக் கொடுத்தார். செயின் அடகில் இருக்கும் பெண்ணின் கையில் பணத்தை வைத்தால் அதைத் திருப்பிக் கொடு என்று எந்தப் புருஷன் சொல்வான்? தொழில் தெரிந்த ஆள்.

எங்கள் மாவட்டத்துக்கு வேறு வகை ஏஜென்ட்டுகளும் வருவார்கள். ஆந்திராவில் பெயின்ட் வேலை என்று கூட்டிப்போய் செம்மரக் காட்டில் இறக்கிவிடுவார்கள். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டது எல்லோருக்கும் நினைவிருக்கும். அதில் எங்கள் மாவட்டத்துக்காரர்களும் உண்டு. அதற்குச் சூளை எவ்வளவோ பத்திரம் என்று நினைத்தோம்.

பொங்கல் கழித்து, எட்டு வயது மகளையும் கூட்டிக்கொண்டு திருவள்ளூர் மாவட்டத்தில் ஒரு சூளைக்குப் போனோம். இறங்கியதும் ரேஷன் கார்டையும் மூவரின் ஆதாரையும் "ஜெராக்ஸ் எடுக்க" வாங்கினார்கள். ஜூன் வரை அவை திரும்பி வரவில்லை. வெள்ளைப் பேப்பரில் ஒரு கையெழுத்து. கல்லுக்கு என்ன ரேட் என்று எதிலும் எழுதவில்லை. அதைக் கேட்கவும் எனக்குத் தோன்றவில்லை, பிளஸ் டூ படித்தவன்!

குடிசை என்று காட்டியது, வேகாத கல்லைச் சாந்து இல்லாமல் அடுக்கி மேலே தகரம் போட்ட ஒரு பொந்து. குனிந்துதான் நுழைய வேண்டும். சாயங்காலம் மண்ணைக் குழைத்து வைத்துவிட்டு, ராத்திரி ஒரு மணிக்கு எழுந்து கல் அறுக்க ஆரம்பித்தால் காலை பத்து வரை. நான் மண் உருட்டிக் கொடுப்பேன், அவள் அச்சில் அடித்துக் களத்தில் கவிழ்ப்பாள். ஒரு நாளைக்கு ஆயிரம் கல் வரும். ஈரக் கல்லைப் புரட்டிப் போட மகள்தான். சின்னப் பாதம், லேசான உடம்பு, கல்மேல் நடந்தாலும் தடம் விழாது என்று கணக்கர் சொன்னார். அதைக் கேட்டுக்கொண்டு நான் சும்மா நின்றேன். மூன்றாம் வகுப்பு அவளுக்கு அத்தோடு போச்சு.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் வாரச் செலவுக்கு 1,000 ரூபாய் கொடுத்து, கடைக்கு வீட்டுக்கு ஒரு ஆளை விடுவார்கள். குடும்பமாகப் போக முடியாது. அந்த மார்ச்சில் ஒரு டீக்கடை டிவியில்தான், டெல்லி ஜந்தர் மந்தரில் நம் விவசாயிகள் மண்டையோட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். கடைக்காரர் என் கையிலிருந்த மண்ணைப் பார்த்துவிட்டு டீக்குக் காசு வாங்கவில்லை.

கணக்குதான் இந்தப் பதிவின் முக்கியமான இடம், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். என் மனைவி ஐந்தாவது வரைதான் படித்தவள். ஆனால் மகளின் ரஃப் நோட்டில் ஒவ்வொரு நாளும் நூறு கல்லுக்கு ஒரு கோடு போட்டு வந்தாள். ஜூன் நடுவில் கணக்கு முடிக்கும்போது அந்த நோட்டில் 1,06,000 கல் இருந்தது. அவர்கள் நோட்டில் 84,000. மீதிக் கல் எங்கே என்று கேட்டால், ஆயிரம் என்பது அங்கே ஆயிரத்து நூறாம். உடையும் கல்லுக்காக நூறு கழிவு. அதிலேயே பத்தாயிரம் போனது. மே மாதம் ஒரு ராத்திரி கோடை மழை கொட்டியதில் களத்தில் கரைந்த 12,000 கல்லும் எங்கள் தலையில். தார்ப்பாய் போதவில்லை என்று முதல் நாளே சொல்லியிருந்தோம். மழை இல்லை என்று ஊரை விட்டு வந்தவனுக்கு, வந்த மழையும் கடனாக வந்தது.

ரேட்டும் 600 இல்லை, 450. "அறுநூறுன்னு யாரு சொன்னது? மேஸ்திரிய கேளு" என்றார்கள். மாமா போனை எடுக்கவில்லை. 84,000 கல்லுக்கு 37,800 ரூபாய். அதில் 19 வாரச் செலவுக்காசு 19,000 போக 18,800. முன்பணம் 40,000-இல் அதைக் கழித்தால் 21,200 பாக்கி. கரண்ட், தார்ப்பாய் என்று இன்னும் 3,000 சேர்த்து, நாங்கள் அவர்களுக்குத் தர வேண்டியது 24,200. பேசிய ரேட்டையும் எங்கள் நோட்டையும் வைத்துப் பார்த்தால் அவர்கள்தான் எங்களுக்கு 4,600 தர வேண்டும்.

"பாக்கியை அடுத்த சீசன்ல வந்து கழிங்க, இல்லேன்னா இப்பவே வச்சிட்டுப் போங்க. நீ போய்ப் பணம் கொண்டா, அவங்க ரெண்டு பேரும் இங்க இருக்கட்டும்" என்றார்கள் சூளைக்காரர்கள்.

எட்டு நாள் என் மனைவியும் மகளும் அங்கேயே இருந்தார்கள். மாமியார் வீட்டில் விட்டிருந்த கறவை மாட்டையும் கன்றையும் விற்றேன். வறட்சியில் மாட்டுக்கு யார் விலை தருவார்கள்? தீவனம் இல்லாமல் ஊரே விற்றுக்கொண்டிருந்தது. மிச்சத்துக்குக் கைமாற்று வாங்கிக்கொண்டு போய்க் கட்டி, கார்டுகளையும் அவர்களையும் கூட்டி வந்தேன். பஸ்ஸில் மகள் ஒரு வார்த்தை பேசவில்லை.

இரண்டு வருடம் கழித்துத்தான் விஷயம் தெரிந்தது. எங்கள் தாலுகாவில் வேறொரு குடும்பத்தைக் கோட்டாட்சியர் போய் மீட்டு வந்தார். அவர்களிடம் கேட்டபோது, 1976-இலேயே கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்துவிட்டது என்றார்கள். முன்பணத்தைக் காட்டி ஆளை வெளியே விடாமல் வைத்தாலோ, வேறு வேலைக்குப் போகத் தடுத்தாலோ அது கொத்தடிமைதான். சங்கிலி போட்டிருக்க வேண்டும் என்றில்லை. அந்தக் கடன் சட்டப்படி செத்த கடன். அதற்காகப் பணம் வாங்குகிறவருக்கு மூன்று வருடம் வரை ஜெயில் உண்டு. அது கொத்தடிமைக் கடன் இல்லை என்று நிரூபிக்க வேண்டியதும் கடன் கொடுத்தவர்தான், நாம் இல்லை. மாட்டை விற்று நான் கட்டிய 24,200 ரூபாயை அவர்கள் வாங்கியதே குற்றம். இது தெரியாமல், ஏதோ நான்தான் ஏமாற்றிவிட்டு வந்தவன் போலத் தலைகுனிந்து நின்றேன். ஏமாந்ததைவிட அதுதான் இன்றைக்கும் வலிக்கிறது.

மீட்கப்படும்போது கோட்டாட்சியர் தரும் விடுதலைச் சான்றிதழை விடாமல் கேட்டு வாங்குங்கள். உடனடி உதவித்தொகை அதை வைத்துத்தான் வரும். அப்போது 20,000 ரூபாய், இப்போது 30,000 வரை தருகிறார்கள். மீதி மறுவாழ்வுத் தொகை, வழக்கு முடிந்து தண்டனை ஆனால்தான் என்று இழுக்கும். அதை நம்பி யாரும் கடன் வாங்க வேண்டாம்.

பஞ்சம் பிழைக்கப் போகாதே என்று நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். நானே அதற்கப்புறம் திருப்பூரில் ஒன்றரை வருடம் இருந்துவிட்டுத்தான் வந்தேன். வாரக் கூலி, முன்பணம் கிடையாது. பிடிக்காவிட்டால் சனிக்கிழமை சம்பளத்தோடு பஸ் ஏறலாம். முன்பணம் பெரிதாக இருக்கிறதே என்று சந்தோஷப்படுகிறவர்கள், அது எதற்குப் பெரிதாக இருக்கிறது என்று ஒரு ராத்திரி யோசியுங்கள். ரேட்டையும் கழிவையும் பேப்பரில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மாட்டேன் என்றால் அங்கேயே விட்டுவிடுங்கள். கார்டைக் கொடுக்காதீர்கள், ஜெராக்ஸ் கொடுங்கள். 2020 அக்டோபரிலிருந்து தமிழ்நாட்டில் எந்த ஊர் ரேஷன் கடையிலும் அரிசி வாங்கலாம், கார்டு உங்கள் கையில் இருந்தால்தான். பிள்ளையைச் சூளைக்குப் பக்கத்து அரசுப் பள்ளியில் எந்த மாதத்திலும் சேர்க்கலாம், மறுக்கக் கூடாது. குழந்தையை வேலைக்கு வைத்தால் குழந்தைகள் உதவி எண் 1098-க்கு யார் போனிலிருந்தும் கூப்பிடலாம். எனக்கு அப்போது அது தோன்றவே இல்லை.

தம்பி முறைப் பையன் மேஸ்திரியிடம் இன்னும் பணம் வாங்கவில்லை. நேற்று ராத்திரி அந்த ரஃப் நோட்டை அவனிடம் காட்டினேன். செங்கம், தண்டராம்பட்டு பக்கம் யாராவது ஏற்கெனவே மாட்டியிருந்தால் சொல்லுங்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளுக்கு மனு எழுதிக்கொண்டு கூடவே வருகிறேன். இப்போது நான் ஓட்டுகிற லோடு வண்டிக்கு அன்றைக்கு ஓட்டம் கிடையாது.