செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்: சதானா, பெய்க் சின் மியாங்கா?

பர்மாவில் மழை விட்டதும் ரங்கூன் சொந்தக்காரர்கள் ஃபோனில் கேட்பது இதுதான்: "குகைக்குள்ளே ஆறு ஓடுதாமே, எங்கே போகலாம்?" பிந்தயா குகையை முதலிலேயே தள்ளிவிடலாம். எட்டாயிரத்துக்கு மேல் புத்தர் சிலைகள் உண்டு, ஆறு கிடையாது. மிச்சம் இரண்டு. கரென் மாநிலத்துப் பா-அன் ஊர்ப் பக்கம் சதான் குகை. மேமியோவிலிருந்து (இப்போது பின் ஊ ல்வின்) லாஷியோ சாலையில் சுமார் 20 கி.மீ. போனால் பெய்க் சின் மியாங் குகை.

பெய்க் சின் மியாங்கில் தண்ணீர் காத்திருக்க வைப்பதில்லை. உள்ளிருந்து வரும் ஓடை வாசலிலேயே தேங்கி நிற்கிறது, பிள்ளைகள் குதித்துக் குளிக்கிறார்கள். உள்ளே ஓடையை ஒட்டியே பாதை, விளக்கு வெளிச்சம், திரும்பிய பக்கமெல்லாம் புத்தர். சில இடங்களில் குனிய வேண்டும். உச்சந்தலையில் சொட்டுச் சொட்டாக விழும். மேமியோ குளிரை நம்பி ஸ்வெட்டர் போட்டுப் போனால் உள்ளே வேர்த்துக் கொட்டும். போன வழியே திரும்புவதால் வாசலில் கழற்றிவிட்ட செருப்புக்குக் கவலையில்லை.

சதானில் அதுதான் வம்பு. புத்தரின் முற்பிறவிகளைச் சொல்லும் ஜாதகக் கதையில் வரும் யானை அரசனின் பெயர் அந்தக் குகைக்கு. வாசல் மண்டபமும் யானைக்கு ஏற்ற அகலம்தான். எங்கள் அத்தை கோயில் பழக்கத்தில் செருப்பை வாசலில் விட்டுவிட்டார். வெறுங்காலோடு கால் மணி நேரத்துக்கு மேல் இருட்டில் நடை. வௌவால் எச்சம் வழுக்குகிறது, டார்ச் இல்லாமல் முடியாது. மறுபுறம் திடீரென்று வெளிச்சம், ஏரி. அங்கே படகு ஏறி இன்னொரு தாழ்ந்த குகைக்குள் போகிறோம். துடுப்புச் சத்தம் மட்டும் கேட்கிறது, கையை நீட்டினால் சுண்ணாம்புப் பாறை தட்டுகிறது. மண்ணில் ஊறிப் புளித்த மழைநீர் யுகக்கணக்கில் கரைத்த வழி அது. படகு வயல் பக்கம் இறக்கிவிடும். மிச்சம் கல்லும் முள்ளும் நடந்து வாசலுக்கு வர வேண்டும். அத்தை வழி முழுக்க என்னைத் திட்டிக்கொண்டே வந்தார்: "உன்னை நம்பி வந்தேன் பாரு!"

மழைக்காலத்தில் சதானில் நீர் ஏறி நடைபாதை மூழ்கிவிடும். அப்போது போய்ப் பயனில்லை.

முட்டிவலிக்காரர்களும் கைக்குழந்தையும் இருந்தால் மேமியோதான் சரி. எனக்கு அந்தப் படகுக்காகவே சதான். எங்கே போனாலும் கிளம்புமுன் சாலை நிலவரத்தை அந்த ஊர்க்காரர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.