நியான் லைனர் செட் ரிவ்யூ: பிங்க்கும் மஞ்சளும் செம, நீலம் வேஸ்ட்

நியான் மேக்கப்னாலே பார்ட்டிக்கும் ஃபோட்டோ ஷூட்டுக்கும் மட்டும்தான்னு ஒதுக்கி வெச்சிருக்கறவங்க நிறைய பேர் இருக்காங்க, அவங்களுக்காகத்தான் இத எழுதறேன். நான் யூஸ் பண்றது தண்ணி தொட்டு கோடு போடற டைப் லைனர். சின்ன சின்ன வட்ட டப்பால கெட்டியா இருக்கும், ஈர பிரஷ்ஷால தேய்ச்சா வாட்டர் கலர் மாதிரி இளகி வரும். மொத்தம் எட்டு கலர், பிங்க், ஆரஞ்சு, கோரல், மஞ்சள், பச்சை, நீலம், பர்ப்பிள், கூடவே ஒரு வெள்ளை. இதே மாதிரி செட்டை நிறைய பிராண்ட் விக்கறாங்க, அதனால பிராண்டை விட்டுட்டு கலரைப் பத்தியே பேசறேன்.

முதல்ல அந்த பிங்க். நல்ல வெளிச்சத்துல ஒரே ஒரு கோடு போட்டுப் பாருங்க, முகத்துல வேற எதுவும் வேணாம்னு தோணிடும். சாதா பிங்க் ஐ ஷேடோவால இது ஏன் முடியாதுன்னா, அது தன் மேல விழற வெளிச்சத்துல பிங்க்கா தெரியற பங்கை மட்டும் திருப்பி அனுப்பும், மிச்சத்தை முழுங்கிடும். நியான் அதோட நிக்கறதில்ல, கண்ணுக்குத் தெரியாத அல்ட்ரா வயலட்டையும் நீல வெளிச்சத்தையும் உள்ள வாங்கி அதையும் தன் கலராவே மாத்தி வெளிய விடுது. அப்ப அந்த கலர்ல உள்ள வந்த வெளிச்சத்தை விட வெளிய போறது ஜாஸ்தி. பக்கத்துல இருக்கற தோலு, துணி எதுவுமே அப்படி பண்ணாததால இந்த ஒரு கோடு மட்டும் உள்ளேர்ந்து எரியற மாதிரி இருக்கு. ஃபில்டர் போட்ட மாதிரி இருக்கேன்னு பாக்கறவங்க கேக்கறது இதனாலதான்.

மாநிறம், கருப்புன்னா பளிச் கலர் எடுபடாதுன்னு சொல்ற பேச்சை நான் சுத்தமா ஏத்துக்கமாட்டேன். என் தோல் நல்ல கருப்பு. இதே ஆரஞ்சையும் மஞ்சளையும் ரொம்ப வெளுத்த தோல்ல போட்டா கலர் நல்லாத்தான் இருக்கும், ஆனா பின்னாடி இருக்கற தோலும் வெளுப்பா இருக்கறதால அந்த எடுப்பு கொஞ்சம் கம்மி. கருப்புத் தோல்ல ஒரு நியான் கோடு விழும்போது வர்ற கான்ட்ராஸ்ட் இருக்கே, அதுக்கு ஈடே கிடையாது. இந்த செட்டுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயமே அதுதான்.

ஆனா ஒரு கண்டிஷன், அடியில வெள்ளை போட்டே ஆகணும். நியான் லேயர் முழுசா மறைக்காது, பாதி வெளிச்சம் அதுக்குள்ள புகுந்து தோலைத் தொட்டுடும், தோல் எவ்வளவு கருப்போ அவ்வளவு வெளிச்சத்தை வெச்சுக்கும். வெள்ளை போட்டு காய விட்டு அது மேல கலர் போட்டா உள்ள போற வெளிச்சம் திரும்பவும் கலருக்குள்ளயே வந்துடுது. மஞ்சளுக்கு இது கட்டாயம், வெள்ளை இல்லாம போட்டா ஏதோ பழைய கறை மாதிரி நிக்கும். பிங்க்கும் ஆரஞ்சும் வெள்ளை இல்லாமலே ஓரளவு சமாளிக்கும். எட்டு டப்பால வெள்ளைதான் சீக்கிரம் தீந்து போகும், அதையும் மத்த கலர் அளவுலயே குடுத்திருக்காங்க, இது யோசிக்காம பண்ண வேலை.

பச்சையும் மஞ்சளும் சேர்ற அந்த எலுமிச்சைப் பச்சை ரெண்டையும் கலந்தா சூப்பரா வரும். பகல் வெளிச்சத்துல மனுஷக் கண்ணு ரொம்ப நல்லா பிடிக்கற எடம் 555 நானோமீட்டர் அலைநீளத்துப் பக்கம், அதாவது இந்த மஞ்சள் பச்சை ஏரியா. அதனால இதுல துளியூண்டு வெச்சாலே போதும், தூரத்துலேர்ந்தே தெரியும். நியானோட பின்கதையும் இதுதானே, 1930கள்ல அமெரிக்கால பாப் ஸ்விட்சர், ஜோ ஸ்விட்சர்னு ரெண்டு அண்ணன் தம்பி இந்த ஒளிரும் பெயின்ட்டை உருவாக்கினாங்க, ரெண்டாம் உலகப் போர்ல தரையில இருக்கற படையை விமானத்துலேர்ந்து அடையாளம் காண இந்தக் கலர்ல துணி விரிச்சாங்க, இன்னைக்கு ரோடு வேலை பாக்கறவங்க மாட்டிக்கற பளிச் ஜாக்கெட்டும் அதே வழிதான். அவ்வளவு தூரத்துக்குத் தெரியற கலரை முகம் பூரா பூசிட்டா கண்ணு எங்க நிக்கறதுன்னே தெரியாம போயிடும். கன்னத்து எலும்பு மேல மூணு புள்ளி, இல்லன்னா நெத்திப்பொட்டு பக்கம் ஒரு ஒல்லிக் கோடு, அங்க நிறுத்திட்டு மிச்ச முகத்தை சும்மா விட்டாதான் அழகு.

நீலத்துக்கு வருவோம். எட்டுல இது ஒண்ணுதான் எனக்குப் பிடிக்கல. மோசமான கலர்னு சொல்லல, நியானே இல்லன்னு சொல்றேன். உள்ள வாங்கின வெளிச்சத்தை விட நீளமான அலையாத்தான் (நீலம் குட்டை அலை, சிவப்பு நீள அலை) இந்தச் சாயங்கள் வெளிய விடும், அதனால பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, பிங்க் பக்கம் நல்லா வேலை செய்யுது. நீலமா ஒளிரணும்னா கிட்டத்தட்ட அல்ட்ரா வயலட்டை மட்டுமே நம்பணும், சாதா வெளிச்சத்துல அது பெருசா தெரியாது. நியான் நீலம்னு விக்கறது பெரும்பாலும் சும்மா பளிச்சுனு இருக்கற நீலம்தான். பர்ப்பிள் பரவால்ல, அதுல பிங்க் சாயம் கொஞ்சம் கலந்திருக்கு போல, வெயில்ல உயிர் வருது.

வெளிச்சத்தைப் பொறுத்து இந்தக் கலர் எல்லாம் எப்படி மாறுதுன்னு பாக்கறதே தனி சந்தோஷம். வெயில்ல அள்ளும். மேகமூட்டத்துலயும் பொழுது சாயற நேரத்துலயும் இன்னும் நல்லா இருக்கும், சுத்தி இருக்கறதெல்லாம் மங்கிப் போயிருக்கும், வானத்துலேர்ந்து வர்ற வெளிச்சத்துல நீலம் அதிகமா இருக்கறதால இது மட்டும் எரியும். மஞ்சள் குண்டு பல்பு வெளிச்சத்துல சப்புனு ஆயிடும், அதுல நியானுக்குத் தேவையான நீலமும் அல்ட்ரா வயலட்டும் ரொம்ப கம்மி. ராத்திரி ஃபங்ஷனுக்குப் போடறவங்க அங்க என்ன லைட்டுன்னு கேட்டுட்டு போடுங்க. ஃபோட்டோல ஏமாந்துடாதீங்க, பிங்க் எல்லாம் ஒரே தட்டையா, சில சமயம் செவப்பா கூட வரும். ஃபோன் கேமரா சென்சார் நெரம்பி வழிஞ்சிடுது, ஸ்க்ரீனாலயும் அவ்வளவு பளிச்சுனு அந்தக் கலரைக் காட்ட முடியாது. எக்ஸ்போஷரைக் கொஞ்சம் கீழ இறக்கி எடுத்தா ஓரளவு தேறும்.

இப்ப எனக்கு நெஜமாவே கோவம் வந்த விஷயம். டப்பா முன்னாடி கொட்டை எழுத்துல லைனர்னு போட்டிருக்கு, பின்னாடி பொடி எழுத்துல கண் பகுதில போடாதீங்கன்னு போட்டிருக்கு. லைனர்னு வாங்கறவங்க முதல்ல எங்க போடுவாங்க? விஷயம் என்னன்னா அமெரிக்கால எஃப்டிஏங்கற அரசு கண்காணிப்பு அமைப்பு அழகு சாதனங்களுக்கு அனுமதிச்சிருக்கற ஒளிரும் சாயங்கள் எட்டு, அதுல ஒண்ணுக்குக் கூட கண் பக்கத்துல போட அனுமதி கெடையாது. ஐரோப்பால விதி வேற. அதனால ஒரே சாயம் ஒரு எடத்துல ஐ மேக்கப்பா வரும், இன்னொரு எடத்துல பிரஸ்டு பிக்மென்ட்னு, அதாவது அழுத்திக் கெட்டியாக்கின கலர் பவுடர்னு, பேர் மாத்திக்கிட்டு வரும். டப்பால போட்டிருக்கற சேர்மானப் பொருள் லிஸ்ட்ல சிஐ 45410, சிஐ 45380, சிஐ 45370ன்னு சாயத்தோட நம்பர் பாத்தீங்கன்னா அது இந்தக் குடும்பம்தான். டப்பா வேணாம்னு சொன்னா நான் இமைல போடறதில்ல, வாட்டர்லைன், அதாவது இமையோட உள் விளிம்புப் பக்கம் போகவே மாட்டேன், கண்ணு வால் தாண்டி நெத்திப்பொட்டு பக்கமா கோடு இழுப்பேன், அதுவே போதுமான அளவு எடுப்பா இருக்கு. முழங்கை உள்பக்கம் கொஞ்சம் தடவி ஒரு நாள் விட்டுப் பாத்துட்டு முகத்துக்குப் போங்க.

கறை பத்தியும் சொல்லணும். பிங்க் சாயம் தோல்ல இருக்கற புரோட்டீனைப் பிடிச்சுக்கும், அழிச்சப்புறமும் மங்கலா ஒரு ரோஸ் கலர் நிக்கும், அடுத்த நாளும் தெரியலாம். முதல்ல மாய்ச்சரைசர் போட்டு நல்லா ஊற விட்டு, அது மேல வெள்ளை, அப்புறம் பிங்க்னு போனா கறை ரொம்ப கம்மி. எடுக்கறதுக்கு எண்ணெய் கிளென்சர்தான் நல்லது, தண்ணி விட்டு அழுத்தித் தேய்ச்சா தோலுதான் கன்னிப் போகும்.

வியர்வை வந்தா இந்த டைப் கரையும், தண்ணில இளகற சரக்கு வேற என்ன பண்ணும். செட்டிங் ஸ்ப்ரே அடிச்சா கொஞ்ச நேரம் தாங்கும், பவுடர் மட்டும் போடாதீங்க, எரியற கலரை அப்படியே அமுக்கிடும். சிரிச்சா மடியற எடத்துல தடிமனா போட்டா வெடிக்கும், அதனால ரெண்டு மெல்லிய லேயர் போதும்.

வாங்கலாமா? வெயில்ல வெளிய போறவங்க, கருப்பா மாநிறமா இருக்கறவங்க, முகத்துல ஒரே ஒரு எடத்துல அழகா ஏதாவது வேணும்னு நெனைக்கறவங்க கண்டிப்பா வாங்குங்க. மூடி போட்டு இருட்டான எடத்துல வைங்க, இந்தச் சாயங்கள் வெளிச்சத்துல சீக்கிரம் வெளுத்துப் போகும், ஜன்னலோரம் வெச்சா டப்பாக்குள்ளயே மங்கிடும். கம்பெனிக்காரங்க யாராவது இதப் படிச்சா ஒரே வேண்டுகோள், பிங்க், ஆரஞ்சு, மஞ்சள், பச்சை நாலையும் தனித்தனி டப்பாவா விடுங்க, கூட ஒரு பெரிய வெள்ளை குடுங்க, கண்ணுக்கு ஆகாதுங்கறதை முன்பக்கமே போடுங்க.