கை எடையோடு குத்திப் பழகினால் வேகம் கூடுமா? சில வருட அனுபவம்

வடசென்னையில் நான் பழகும் குத்துச்சண்டைக் கூடத்துக்குப் புதிதாக வரும் பையன்கள் முதல் மாதத்திலேயே கேட்டுவிடுவார்கள்: "அண்ணா, டம்பெல்லைப் பிடித்துக்கொண்டு காற்றில் குத்தினால் குத்து வேகமாகுமா?" கேட்பதற்கு முன்பே ஒரு ஜோடி வாங்கி வந்துவிடுகிறவர்களும் உண்டு. அரைக் கிலோ, ஒரு கிலோ, இரண்டு கிலோ என மூன்று ஜோடிகளையும், மணிக்கட்டில் கட்டும் மணல் பட்டைகளையும் சில வருடங்களாக மாற்றி மாற்றிப் பயன்படுத்தியிருக்கிறேன். வேகம் கூடாது, குத்தின் பலமும் கூடாது. இருந்தும் அரைக் கிலோ ஜோடி இன்னும் என் பையில் இருக்கிறது.

கூடும் என்று எல்லோரும் நம்புவதற்கு வலுவான காரணம் இருக்கிறது. இரண்டு கிலோவைப் பிடித்து மூன்று நிமிடம் ஷேடோ பாக்சிங் (எதிராளி இல்லாமல் காற்றில் குத்திப் பழகுவது) செய்துவிட்டுக் கீழே வைத்துப் பாருங்கள். கை தானாகப் பறக்கும். ஜாப் (முன்னால் நிற்கும் கையின் நேர்குத்து) போட நினைப்பதற்குள் ஜாப் போய்விட்டதைப் போலத் தோன்றும். அந்த நிமிடத்தில் யார் என்ன சொன்னாலும் காதில் ஏறாது. எங்கள் மாஸ்டர் வாதம் செய்வதில்லை. நாம் எடையை வைத்த கையோடு, குத்து வாங்கக் கையில் மாட்டும் மெத்தையான பேடைத் தூக்கிப் பிடித்து, பத்துப் பதினைந்து குத்து வாங்கிக்கொண்டு, "கை பறப்பது உனக்குத் தெரிகிறது, பேடுக்குத் தெரியவில்லையே" என்பார்.

அவர் சொல்வதைச் சோதித்துப் பார்க்கத் தொலைபேசி போதும். வினாடிக்கு 240 படங்கள் எடுக்கும் வசதி இப்போது பல தொலைபேசிகளில் இருக்கிறது. ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையே நான்கு மில்லி வினாடி. பக்கவாட்டில் வைத்துப் பதிவு செய்து, கிளவுஸ் முகவாயை விட்டுக் கிளம்பும் படத்திலிருந்து தொங்கும் குத்துமூட்டையான பேகைத் தொடும் படம் வரை எண்ணினேன். எடைக்கு முன், எடைக்குப் பின், பல மாதம் பழகிய பின் என்று எப்போது எண்ணினாலும் கணக்கு ஏறக்குறைய அதே இடத்தில்தான் நின்றது. இரண்டு கிலோவோடு பழகிய நாட்களில் ஓரிரு படம் கூடுதலாகவே வந்தது. தோள் களைத்திருந்தால் அப்படித்தான் வரும்.

ஏன் என்று யோசித்தால் விஷயம் எளிது. குத்து முன்னால் போகிறது, டம்பெல் கீழே இழுக்கிறது. எடையின் பெரும் சுமையைத் தாங்குவது முன்தோள் தசை. அந்தச் சுமை கையை உயரத்தில் வைத்திருக்கப் பழக்குமே தவிர, குத்தை வேகமாக அனுப்பப் பழக்குவதில்லை. முன்னால் தள்ளும்போதும் எடை எதிர்க்கத்தான் செய்கிறது. ஆனால் தள்ளிய எடையைக் குத்தின் முடிவில் நிறுத்தியாக வேண்டும். எதிரே பேக் இல்லை. நிறுத்தும் வேலை முழங்கை மூட்டின் தலையிலும் தோளின் பின்பக்கச் சிறு தசைகளின் தலையிலும் விழுகிறது. உடம்பு புத்திசாலி. மூட்டைக் காப்பாற்ற, கை நீள்வதற்கு முன்பே பிரேக் போடக் கற்றுக்கொள்கிறது. பேகில் குத்தும்போது வேண்டியதோ இதற்கு நேர் எதிர்: இலக்கைத் தாண்டிப் போகிற குத்து.

இன்னொன்றைப் பலர் கவனிப்பதே இல்லை. நல்ல குத்தில் கை வழியெல்லாம் தளர்வாகப் போய், தொடும் கணத்தில்தான் முஷ்டி இறுகும். டம்பெல்லைத் தளர்வாகப் பிடிக்க முடியாது, பறந்துவிடும். சுற்று முழுக்க இறுக்கிப் பிடித்தே பழகினால் முன்கை கட்டையாகிவிடுகிறது. எடையோடு பழகிய கையில் ஜாப் போட்டால் அது சொடுக்காது, தள்ளும். பேகின் சத்தத்திலேயே வித்தியாசம் தெரியும். சொடுக்கும் குத்துக்கு 'டப்' என்று வரும், தள்ளும் குத்துக்குப் பேக் ஊசலாடுமே தவிரச் சத்தம் வராது.

பலம் என்று வந்தால் கையைப் பார்ப்பதே பாதி வீண். 1985இல் வெளிவந்த சோவியத் ஆய்வு ஒன்று, தேர்ந்த வீரர்களின் நேர்குத்தில் பின்காலின் உந்துதலுக்குச் சுமார் 38 சதவீதம், உடற்பகுதியின் திருப்பத்துக்கு 37, கை நீட்டலுக்கு 24 சதவீதம் பங்கு என்று கணக்கிட்டது. கீழ்நிலை வீரர்களிடம் காலின் பங்கு 17 சதவீதத்தைக்கூட எட்டவில்லை. கையில் எடை ஏறியதும் நடப்பதைக் கண்ணாடி முன் நின்று பார்த்தால் இந்தக் கணக்கு புரிந்துவிடும்: இடுப்பு திரும்புவது குறைகிறது, பின்குதிகால் தரையை விட்டு எழுவதில்லை, தோள் மட்டும் வேலை செய்கிறது.

அப்படியானால் அரைக் கிலோ எதற்கு? கார்டுக்கு, அதாவது முகத்தைக் காக்கக் கைகளை உயர்த்தி வைத்திருப்பதற்கு. ஒலிம்பிக் பாணிப் போட்டி மூன்று சுற்று, ஒவ்வொன்றும் மூன்று நிமிடம். கடைசிச் சுற்றில் கை இறங்குகிறவன்தான் வாங்கிக் கட்டிக்கொள்கிறான். அரைக் கிலோவோடு மெதுவாக, பாதி வேகத்தில், குத்திய கை வந்த வழியிலேயே கன்னத்துக்குத் திரும்புகிறதா என்று பார்த்துக்கொண்டே இரண்டு சுற்று ஆடினால் தோள் நன்றாகப் பழகுகிறது. எனக்கு மூன்றாம் சுற்றில் இடதுகை இறங்கும் வழக்கம் இதனால் வெகுவாகக் குறைந்தது. சோம்பலாகத் திரும்பும் கையை எடை உடனே காட்டிக்கொடுக்கவும் செய்கிறது; மார்பு உயரத்துக்குத் தொங்கிவிடும். இரண்டு கிலோவில் எல்லோருடைய கையும் தொங்குவதால், அங்கே கற்றுக்கொள்வது தொங்கவிடுவதைத்தான். பக்கவாட்டில் வளைத்துப் போடும் ஹூக்கும் கீழிருந்து மேலே போடும் அப்பர்கட்டும் எடையோடு வேண்டவே வேண்டாம். முழங்கை வெளியே விரிந்து தோள் மூட்டைத் திருகும்.

மணிக்கட்டுப் பட்டைகள் பிடியை விடுவிக்கின்றன, அதனால் கை தளர்வாக இருக்கிறது. அது ஒன்றுதான் நன்மை. நான் வாங்கிய பட்டை வேகமாகக் குத்தினால் வழுக்கிச் சுழன்றது, வியர்வையில் ஊறி நாறியது, தையல் பிரிந்து மணல் கொட்டியது. இரும்பு டம்பெல்லுக்குக் கடற்காற்று ஆகாது. பெயிண்ட் உரிந்து துருப்பிடித்து உள்ளங்கையில் கறை ஒட்டும். ரப்பர் பூச்சுப் போட்டது வியர்வையில் கொஞ்சம் வழுக்கினாலும் நீடித்து உழைக்கிறது.

வேகமும் பலமும் வந்தது வேறு இடத்திலிருந்து. மெடிசின் பால் என்ற கனமான பயிற்சிப் பந்தைச் சுவரில் எறிவது அதில் முதன்மை. பந்து கையை விட்டுப் போய்விடுவதால் பிரேக் போட வேண்டிய தேவையே இல்லை. காலில் தொடங்கிக் கைவரை முழு வேகத்தில் போக உடம்பு துணிகிறது. அடுத்தது, நீண்ட இரும்புக் கம்பியின் ஒரு முனையைச் சுவர் மூலையில் ஊன்றி, தோளருகே உள்ள மறுமுனையைக் காலை உந்தி, இடுப்பைத் திருப்பித் தள்ளும் பயிற்சி. இவற்றோடு, முழங்காலை மடக்கி உட்கார்ந்து குதித்து எழும் ஸ்குவாட். இவை பழகிய பின்தான் மாஸ்டர் பேடைப் பிடிக்கையில் ஒரு காலைப் பின்னால் வைத்து ஊன்றத் தொடங்கினார். என் தரப்பில் அதைவிடப் பெரிய அளவுகோல் கிடையாது. படக் கணக்கும் அப்போதுதான் கொஞ்சம் அசைந்தது.

இனிமேல் வாங்குவதாக இருந்தால் டம்பெல்லே வாங்க மாட்டேன். ஸ்பாரிங்குக்கு (பயிற்சிச் சண்டைக்கு) வைத்திருக்கும் 16 அவுன்ஸ் கிளவுஸின் எடை சுமார் 450 கிராம். அதை மாட்டிக்கொண்டு ஷேடோ பாக்சிங் செய்தால் அரைக் கிலோ டம்பெல் தருகிற பயன் முழுக்கக் கிடைக்கிறது. எடை முஷ்டியைச் சுற்றிப் பரவியிருப்பதால் இறுக்கிப் பிடிக்கவும் வேண்டியதில்லை. ஏற்கெனவே டம்பெல் வைத்திருப்பவர்கள் ஒரு கிலோவைத் தாண்டாமல், வார்ம்-அப் முடிந்த பிறகு, பாதி வேகத்தில் பயன்படுத்தலாம். தோளில் ஏற்கெனவே வலி உள்ளவர்கள் தொடவே வேண்டாம். என் இரண்டு கிலோ ஜோடியைக் கேட்ட ஒரு தம்பிக்குக் கொடுத்துவிட்டேன், குத்துவதற்குப் பயன்படுத்தக் கூடாது என்று சொல்லித்தான் கொடுத்தேன்.