வாளியா, மெல்லிய குழாயா: மேப்பிள் சாற்றுக்கு எது தோது?

வீட்டுக்குப் பின்னால் சரிவில் நிற்கும் சுகர் மேப்பிள் மரங்களுக்கு வாளி தொங்கவிடுவதை நிறுத்திவிட்டு, மரத்துக்கு மரம் இணைத்துச் சாற்றைக் கீழே ஒரே தொட்டிக்குக் கொண்டுவரும் மெல்லிய குழாய்க்கு மாறிவிட்டேன். நாங்கள் இருப்பது கனடாவில், ஒன்டாரியோ மாகாணத்தின் லானார்க் பகுதியில். தலைமுறை தலைமுறையாக மேப்பிள் சிரப் காய்ச்சுகிற ஊர்கள் இவை. வாளியை விட்டவனை ஒரு மாதிரியாகப் பார்க்கிறவர்களும் உண்டு, "இப்போதாவது புத்தி வந்ததே" என்கிறவர்களும் உண்டு. ஸ்கார்பரோவிலிருந்து வந்த மச்சான் மட்டும் இரண்டு கட்சியிலும் சேரவில்லை. "கடையில ஒரு போத்தல் வாங்கினா முடிஞ்சுதே" என்றார். அவரை விடுவோம். நாலு மரம் வைத்துக்கொண்டு யோசிக்கிறவர்களுக்காக இந்த ஒப்பீடு. நான் எந்தப் பக்கம் என்பது இந்நேரம் தெரிந்திருக்கும்.

முதலில் சாறு ஏன் ஓடுகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. இரவில் உறைய வேண்டும், பகலில் உருக வேண்டும். இரவு மைனஸ் 5, பகல் பிளஸ் 5 என்றால் அது உத்தமமான நாள். மேப்பிள் கட்டையில் உள்ள நார்களின் உள்ளே தண்ணீர் இல்லை, காற்றுதான் அடைபட்டிருக்கிறது. குளிர ஆரம்பித்ததும் அந்தக் காற்று சுருங்கும். அக்கம்பக்கத்துச் சாறு அங்கே போய்ப் பனியாக ஒட்டிக்கொள்ளும், வேரிலிருந்து மேலும் தண்ணீர் ஏறும். காலை வெயில் பட்டதும் பனி உருகும், காற்று விரியும், மரத்துக்குள் அழுத்தம் கூடும். நாம் போட்ட துளை வழியாகச் சாறு சொட்டத் தொடங்கும்.

ஆக, உறைவும் உருகலும் மாறி மாறி வர வேண்டும். மார்ச் மாதம் இப்போதெல்லாம் அப்படி ஒழுங்காக நடந்துகொள்வதில்லை. 2012 மார்ச்சில் ஒன்டாரியோவிலும் அமெரிக்காவின் வெர்மான்டிலும் வெப்பம் 20 டிகிரியைத் தாண்டியது. பருவம் பாதியிலேயே முறிந்தது. உலகின் மேப்பிள் சிரப்பில் ஏறக்குறைய 70 சதவீதம் எங்கள் பக்கத்து மாகாணமான கியூபெக்கிலிருந்து வருகிறது. அங்கே 2022இல் 21.1 கோடி பவுண்டு கிடைத்தது, அடுத்த ஆண்டே 12.4 கோடிக்கு விழுந்தது, 2024இல் 23.9 கோடிக்கு எகிறியது. கோடிக்கணக்கில் துளை போட்டு, பம்ப் வைத்து உறிஞ்சுகிற ஊரிலேயே இந்த ஆட்டம் என்றால் நம் கொல்லைப்புறத்தைச் சொல்ல வேண்டியதில்லை.

வழக்கமாகச் சொல்லப்படும் ஒப்பீடுகளைச் சீக்கிரம் முடித்துவிடலாம். வாளிக்கு முதலீடு குறைவு, உடம்பு உழைப்பு அதிகம். குழாயை ஒருமுறை கட்டிவிட்டால் முழங்கால் பனியில் இரண்டு கையிலும் சாற்றைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டாம். வாளி பார்க்க அழகு, குழாய் பார்க்கத் துணி காயப்போடும் கொடிபோல இருக்கும். வாளியை விற்றால் யாராவது பூச்செடி வைக்கவாவது வாங்குவார்கள், பழைய குழாயை யாரும் தொட மாட்டார்கள். பழைய பொருள் ஏலத்தில் நாகத்தகர வாளியைப் பார்த்து ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: பழைய வாளிகளில் பற்றுவைக்க ஈயம் கலந்த கலவையைப் பயன்படுத்தியிருப்பார்கள். சுவரில் மாட்டுங்கள், சாறு பிடிக்காதீர்கள்.

இவை எதுவும் என் முடிவை மாற்றவில்லை. மாற்றியது பருவத்தின் நடுவே வந்து உட்கார்ந்துகொள்ளும் வெயில்தான். மூன்று நாள், நான்கு நாள், இரவிலும் உறையாமல் பகலில் 12, 15 டிகிரி என்று அடிக்கிறதே, அது. அந்த நாட்களைத் தாண்டியும் துளை உயிரோடு இருக்குமா என்பதே இப்போது முக்கியமான கேள்வி.

மரத்தில் துளை போட்ட நிமிடத்திலிருந்து அது மூடிக்கொள்ளத்தான் பார்க்கும். வெளியிலிருந்து நுண்ணுயிர்கள் உள்ளே போகும், மரம் அந்த இடத்தின் நாளங்களை அடைத்துக்கொள்ளும். குளிராக இருக்கும்வரை இரண்டும் மெதுவாக நடக்கும். ஆறு வாரம், எட்டு வாரம்கூடத் துளை தாங்கும். நடுவில் வெயில் வந்தால் நுண்ணுயிர்கள் பெருகி வேகம் பிடித்துவிடும். அப்புறம் ஏப்ரல் தொடக்கத்தில் அருமையாக உறைந்து உருகினாலும் துளை காய்ந்து கிடக்கும். மரத்துக்குள் சாறு இருக்கும், வாசல் பூட்டியிருக்கும். பக்கத்தில் இன்னொரு துளை போடலாமே என்று கேட்பார்கள். போடக் கூடாது. ஒவ்வொரு துளைக்கும் மேலும் கீழும் நீளமாக ஒரு பகுதிக் கட்டை செத்துப் பழுப்பாகிவிடும். அங்கே இனி எப்போதும் சாறு ஓடாது. ஆண்டுக்கு ஒன்று என்றால் மரம் தாங்கும், இரண்டு மூன்று என்று போனால் மரத்தின் சேமிப்பைத் தின்கிறோம்.

வாளியில் சாறு மரத்தின் அழுத்தத்தால் மட்டுமே வெளியே வருகிறது. உறையாத இரவுகள் தொடர்ந்தால் அழுத்தம் அடங்கி, சொட்டு நின்றுவிடும். துளையில் செருகும் சிறு மூக்குக்குழாய்க்கு ஸ்பைல் என்று பெயர். அது திறந்தே இருப்பதால் அதன் வழியாகக் காற்றும் ஈரமும் துளையைத் தொட்டுக்கொண்டே இருக்கும். ஏற்கெனவே வாளிக்குள் விழுந்த சாறோ வெயிலில் புளிக்கத் தொடங்கும். பனையில் பதநீர் இறக்குகிறவர் புளிக்காமலிருக்க முட்டிக்குள் சுண்ணாம்பு தடவுவார். மேப்பிளுக்கு அப்படி எதுவும் கிடையாது, குளிர் ஒன்றுதான் காவல். பாலை எப்படி வைத்திருப்போமோ அப்படித்தான் இதையும் வைத்திருக்க வேண்டும். நான் வேலை முடிந்து இருட்டில் வீடு வந்து, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு வாளி வாளியாக மூடியைத் தூக்கிப் பார்த்தால், தெற்குப் பார்த்த மரத்து வாளிகளில் சாறு லேசாகப் பால் கலந்ததுபோல் மங்கியிருக்கும், விட்டில்கள் மிதக்கும். அதைக் காய்ச்சலாம், ஆனால் சிரப் கறுத்து வரும். நுண்ணுயிர்கள் சாற்றின் சர்க்கரையை உடைத்துவிடுவதால் வருகிற கறுப்பு அது.

மெல்லிய குழாயில் நடப்பது வேறு. நான் சொல்வது 3/16 அங்குல உள்விட்டமுள்ள குழாயை, ஏறக்குறைய 5 மில்லிமீட்டர். தோப்புகளில் வழக்கமாக ஓடுவது 5/16 அங்குலம். சரிவில் இந்த மெல்லிய குழாயைப் போட்டால் பம்ப் இல்லாமலே இழுவை கிடைக்கும் என்பதைச் சோதித்துக் காட்டிப் பரப்பியவர் வெர்மான்ட் பல்கலைக்கழகத்தின் டிம் வில்மட். குழாய் மெலிதாக இருப்பதால் சாறும் காற்றுக் குமிழும் ஒன்றையொன்று தாண்ட முடியாமல் வரிசையாக நிற்கும். சாற்றின் எடை கீழே இறங்கும்போது மேலே உள்ள துளையைச் சேர்த்து இழுக்கும். ஏட்டுக்கணக்கில் ஒரு மீட்டர் இறக்கத்துக்கு ஏறக்குறைய 10 கிலோபாஸ்கல் இழுவை. 10 மீட்டர் இறக்கம் இருந்தால் பம்ப் வைத்ததற்குப் பக்கத்தில் வந்துவிடலாம். ஒரு விசித்திரம், மேட்டில் நிற்கும் மரத்துக்குத்தான் இழுவை அதிகம். தொட்டிக்குப் பக்கத்தில் நிற்கும் கடைசி மரத்துக்கு ஒன்றும் இல்லை, அதற்கு அது வாளி மாதிரிதான்.

உறையாத இரவுக்குப் பிறகு இந்த இழுவையின் அருமை தெரியும். வாளியெல்லாம் நின்றுபோன மறுநாளும் குழாயில் மெலிதாக ஒரு ஓட்டம் இருக்கும். துளை பாதி அடைபட்டிருந்தாலும் சாறு வரும். மழை உள்ளே விழாது, பூச்சி விழாது. வந்த சாறெல்லாம் கொட்டகையின் வடக்குப் பக்கம், பனியைக் குவித்துப் புதைத்து வைத்த ஒரே தொட்டியில் குளிர்ந்து கிடக்கும். எனக்கு வேலை அந்த ஒரு இடத்தில்தான், அன்றிரவே அடுப்பில் ஏற்றிவிடலாம்.

ஆனால் குழாய் என்றாலே துளை நீண்ட நாள் நிற்கும் என்று நினைத்துவிட வேண்டாம். அழுக்குக் குழாய், வாளியைவிட மோசம். மாலையில் குளிர் திரும்பும்போது மரம் சாற்றைத் தன் பக்கம் திரும்ப உறிஞ்சும். குழாயில் நிற்கும் சாறு, போன வருடத்து நுண்ணுயிர்களோடு சேர்ந்து நேராகத் துளைக்குள் போகும். இதைத் தடுக்கவே ஒருவழி வால்வு உள்ள ஸ்பைலை அதே வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் உருவாக்கினார்கள். அது வேண்டாம் என்றாலும், ஒவ்வொரு ஆண்டும் புது ஸ்பைல் போடுவது கட்டாயம். பிளாஸ்டிக் ஸ்பைலுக்குச் சில்லறைக் காசுதான் ஆகும். மரத்திலிருந்து பிரதான குழாய்க்கு இறங்கும் தொங்கு துண்டையும் சில ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். அதை முக்கால் மீட்டருக்குக் குறையாமல் வெட்டுங்கள். அடுத்த ஆண்டு பழைய தழும்பை விட்டு மரத்தைச் சுற்றி வேறு இடத்தில் துளை போட அந்த நீளம் வேண்டும்.

பருவம் முடிந்ததும் கழுவுவதுதான் குழாய்க்காரனின் உண்மையான வேலை. மரங்களில் மொட்டு பெருத்து, சிரப்பில் ஒரு பச்சை நாற்றம் ஏறும்போதே நிறுத்திவிட வேண்டும். ஸ்பைலைப் பிடுங்கி, மேலேயிருந்து கீழே தண்ணீர் விட்டுக் கிருமிநாசினி ஏற்றி, மறுபடியும் அலச வேண்டும். கனடாவில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் பயன்படுத்துகிறவர்கள் உண்டு. சாதாரண சலவை பிளீச்சைத் தொடாதீர்கள். அதிலுள்ள சோடியம் உப்பாகக் குழாயில் தங்கிவிடும், அந்த ருசிக்கு அணில் வந்து கடிக்கும். பிளீச்தான் வேண்டும் என்றால் கால்சியம் வகை நல்லது.

அணில் எப்படியும் கடிக்கும். ஓட்டையைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. குழாய் அரைகுறையாக ஒளி ஊடுருவும் வகை என்பதால் உள்ளே நடப்பது தெரியும். சரியான நாளில் விரல் நீளச் சாறு, சின்னக் குமிழ், மறுபடி சாறு என்று எல்லாம் நிதானமாக நகரும். எங்காவது குமிழ்கள் நீளமாகி விறுவிறுவென்று ஓடினால் அதற்கு மேலே காற்று புகுகிறது என்று அர்த்தம். குமிழைப் பின்தொடர்ந்து மேட்டில் ஏறினால் பல் தடத்தில் போய் நிற்பீர்கள். குழாயை வெட்டி ஒரு இணைப்பானைச் சொருகினால் சரி.

3/16 குழாய் இரண்டு மூன்று ஆண்டில் இணைப்புகளில் பாசி பிடித்து அடைபடுகிறது, விளைச்சல் குறைகிறது என்ற குறை பரவலாகச் சொல்லப்படுகிறது. வெர்மான்ட்காரர்களே அதை ஆராய்ந்து, கிருமிநீக்கம் செய்யாவிட்டால் அடைப்பு நிச்சயம் என்கிறார்கள். என் குழாய்க்கு அந்த வயது வரவில்லை, அதனால் இந்த விஷயத்தில் என் சாட்சியம் செல்லாது. கடுங்குளிர் இரவுக்குப் பிறகு நிழலில் ஓடும் குழாய் உருகத் தாமதமாகும் என்பதை மட்டும் கண்ணால் பார்த்திருக்கிறேன். வாளி பதினோரு மணிக்கே சொட்டுகிற நாளில் குழாய் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் அசையும்.

வாளிக்கு நான் மனதாரக் கொடுக்கும் மதிப்பெண் ஒன்று உண்டு. இரவில் வாளியில் சாறு பாதி உறைந்தால் மேலே நிற்கும் பனிக்கட்டியில் பெரும்பகுதி வெறும் தண்ணீர்தான். அதைத் தூக்கி எறிந்தால் மீதிச் சாறு இனிப்புக் கூடியதாக இருக்கும். சாதாரணமாக 2 சதவீதம் சர்க்கரை உள்ள சாற்றில் ஒரு லிட்டர் சிரப்புக்கு 43 லிட்டர் காய்ச்ச வேண்டும், 3 சதவீதமானால் 29 போதும். விறகு அடுக்கியவனுக்கு அந்த 14 லிட்டரின் அருமை புரியும். இன்னொன்று, எந்த மரம் இனிப்பானது, எது சோம்பேறி என்று வாளிதான் காட்டிக்கொடுக்கும். குழாயில் எல்லாம் கலந்துவிடும்.

உங்கள் நிலம் சமதளமா? அப்படியானால் இவ்வளவு நேரம் நான் சொன்ன இழுவைக் கதை உங்களுக்கு இல்லை. நாலைந்து மரத்துக்கு, ஸ்பைலிலிருந்து ஒரு முழக் குழாயை இறக்கித் தரையில் உணவுத்தர பிளாஸ்டிக் வாளியின் மூடியில் சொருகிவிடுங்கள். பூச்சி போகாது, காற்றில் ஆடாது, சுற்றிலும் பனியைக் குவித்தால் குளிர்ச்சியாகவும் இருக்கும். டொரொன்டோ வீட்டுத் தோட்டத்தில் மானிட்டோபா மேப்பிளோ சில்வர் மேப்பிளோ நின்றாலும் இது போதும். இனிப்புக் கொஞ்சம் குறையும், விறகு கொஞ்சம் கூடும். மரம் நெஞ்சுயரத்தில் 25 சென்டிமீட்டர் விட்டமாவது இருக்க வேண்டும், 30 இருந்தால் இன்னும் நல்லது.

காய்ச்சுவதில் இரண்டு கட்சிக்கும் வித்தியாசம் இல்லை. தண்ணீர் கொதிக்கும் வெப்பத்துக்கு மேல் 4 டிகிரி ஏறினால் பதம் வந்துவிட்டது. அந்தத் தண்ணீர் கொதிக்கும் வெப்பமோ காற்றழுத்தத்தைப் பொறுத்து நாளுக்கு நாள் மாறும், மார்ச்சில் புயலும் வெயிலும் மாறி மாறி வரும்போது கேட்கவே வேண்டாம். தினமும் முதலில் வெறும் தண்ணீரைக் கொதிக்கவைத்துப் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள்.

சரிவும் முப்பதுக்கு உட்பட்ட துளைகளும், வேலைக்குப் போகிற இரண்டு பேரும் என்றால் மெல்லிய குழாய்க்கே என் ஓட்டு, ஆண்டுதோறும் ஸ்பைல் மாற்றவும் ஏப்ரலில் கழுவவும் சோம்பல் இல்லை என்றால். கழுவ மாட்டேன் என்கிறவர் வாளியோடு இருப்பது மரத்துக்கும் நல்லது. புது ஸ்பைலை இலையுதிர் காலத்திலேயே வாங்கி வையுங்கள். பிப்ரவரி கடைசியில் வானிலை அறிக்கையைப் பார்த்துவிட்டுக் கடைக்கு ஓடினால், அதே அறிக்கையைப் பார்த்த எல்லாரும் உங்களுக்கு முன்னால் வரிசையில் நிற்பார்கள்.