அட்டையில் 24 மணி நேரம் என்று போட்டிருக்கிறது

பெரியபட்டினத்தில் இருக்கும் தோழி ஒருத்தி போன வாரம் கேட்டாள்: "அக்கா, உங்க மாமாவை வீட்டுக்கே வந்து பார்த்தாங்களே, அவங்களை எங்க வாப்பாவுக்குக் கூப்பிடலாமா? நல்லாப் பார்ப்பாங்களா?" கூப்பிடு என்று சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகுதான், அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள் என்று தோன்றியது. அதற்காகத்தான் இவ்வளவும். நோய் முற்றியவர்களை வீட்டுக்கே வந்து பார்க்கிற அந்த டிரஸ்டின் பெயரைப் போடவில்லை. கோபம் ஆறாமல் எழுதுகிற இடத்தில் பெயர் போடக் கூடாது.

அவர்கள் செய்வது வலி நிவாரண சிகிச்சை, நோய் இனி குணமாகாது என்றான பிறகு வலியைக் குறைத்துப் பார்த்துக்கொள்வது. அதற்கு மேல் விளக்கப் போவதில்லை. மதுரையில் கரண்ட் (கதிர்வீச்சு) வைத்து முடித்து, "இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்பிய வீடுகளுக்கு அது தெரியும். மண்டபம் பக்கமிருந்து மதுரை 150 கிலோமீட்டருக்குக் கிட்டே வரும். வாய்ப்புற்று நோயாளியை வேனில் படுக்கவைத்து அத்தனை தூரம் ஒருமுறை கொண்டுபோய் வந்தவர்கள் மறுமுறை யோசிப்பார்கள். மாமா என்று நான் சொல்வது என் மாமனாரை. வள்ளத்தில் போய் வந்தவர். வெற்றிலையும் போயிலையும் இல்லாமல் கடலுக்குள் இறங்க மாட்டார். இடது கன்னத்தில் ஆரம்பித்தது, நாங்கள் இவர்களைக் கூப்பிட்டபோது வெளியே உடைந்து புண்ணாகியிருந்தது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். அதில் கஞ்சத்தனம் செய்தால் பாவம்.

அந்தப் புண்ணின் வாடையைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். ஊதுபத்தி ஏற்றுவோம், சாம்பிராணி போடுவோம். வந்து பார்ப்பவர்கள் வாசலோடு நின்று "எப்படி இருக்காக?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். மாமாவுக்கு எல்லாம் தெரியும். பேரப்பிள்ளைகள் கிட்டே வராததும் தெரியும். அவராகவே கட்டிலைத் திண்ணைப் பக்கம் போடச் சொல்லிவிட்டார். முதல் நாள் வந்த நர்ஸ் பிரஷர் கூடப் பார்க்கவில்லை. நேராகப் புண்ணைத்தான் பார்த்தார். மெட்ரோனிடசோல் மாத்திரையை நாலைந்து எடுத்து அம்மியில் பொடிக்கச் சொன்னார். வயிற்றுப்போக்குக்குக் கொடுப்பார்களே, அதே மாத்திரைதான். உப்புத் தண்ணீரில் புண்ணைக் கழுவி, அந்தப் பொடியைத் தூவி, மேலே துணி வைத்துக் கட்டினார். வாடையைக் கிளப்புவது புண்ணில் தங்கியிருக்கிற ஒருவகைக் கிருமி, அதை இந்த மருந்து கொன்றுவிடும், அவ்வளவுதான் விஷயம் என்றார். தினமும் இப்படிச் செய்யச் செய்ய சில நாட்களிலேயே வாடை பெரும்பாலும் அடங்கிவிட்டது. மதுரையில் பெரிய பெரிய டாக்டர்களைப் பார்த்தோம், ஒருவரும் இதைச் சொல்லவில்லை. கட்டில் மறுபடி உள்ளே வந்தது. சின்னவன் அதன் மேல் ஏறி உட்கார்ந்து செல்போனில் கேம் விளையாடினான்.

உப்புத் தண்ணீர் என்றதும் ஒரு விஷயம். அரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஒரு டீஸ்பூன் உப்புப் போட்டு ஆறவையுங்கள் என்று அவர் சொல்ல, எங்கள் அத்தை கிணற்றிலிருந்து ஒரு வாளி இறைத்துக்கொண்டு வந்து, "இதுல உப்புப் போடவே வேண்டாம்மா" என்றார். நர்ஸ் சிரித்துவிட்டு, "இது வேண்டாம் அத்தை, காவிரித் தண்ணி வர்ற அன்னைக்குப் பிடிச்சு வைங்க, இல்லைன்னா கேன் தண்ணி" என்றார். அவரும் கடற்கரை ஊர்ப் பிள்ளைதான். எந்த வீட்டில் எந்தத் தண்ணீர் இருக்கும் என்று தெரிந்து பேசினார்.

வலியை அளப்பதும் அப்படித்தான். பத்துக்கு எவ்வளவு மார்க் போடுவீர்கள் என்று கூட வந்த டாக்டர் கேட்டதற்கு, "என்ன தம்பி, மீன் ஏலமா விடுறீக?" என்று மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டார். நர்ஸ் வேறு மாதிரி கேட்டார். ராத்திரி எத்தனை தடவை முழிப்பு வந்தது? கஞ்சி குடிக்கும்போது எந்தப் பக்கம் ஒதுக்குறீங்க? அந்தப் பதில்களை வைத்து, அபினியிலிருந்து எடுக்கிற வலி மருந்தான மார்ஃபின் மாத்திரையின் அளவை முடிவு செய்தார்கள். 4 மணி நேரத்துக்கு ஒன்று, படுக்கப் போகும்போது இரண்டாகக் கொடுத்துவிட்டால் நடுராத்திரி எழுப்ப வேண்டாம். கூடவே மலம் இளக மாத்திரை, முதல் நாளிலிருந்தே. மார்ஃபின் கட்டாயம் மலச்சிக்கல் கொடுக்கும், சிக்கல் வந்த பிறகு கொடுத்தால் பலன் குறைவு என்று நோட்டில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் மாமா விடியும்வரை தூங்கினார். அத்தைக்குப் பயம் வந்து மூக்கில் விரல் வைத்துப் பார்த்தார்.

மாத்திரை வாங்குவதுதான் பெரும்பாடு. வாரத்தில் ஒரு நாள், ராமநாதபுரத்தில் இருக்கும் அவர்கள் அலுவலகத்துக்கு நாமே போக வேண்டும், காலி மாத்திரை அட்டையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட வேண்டும். இதற்கு அவர்களைத் திட்டிப் புண்ணியமில்லை. 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்துக்குப் பிறகு மார்ஃபின் வைத்திருக்க ஏகப்பட்ட லைசென்ஸ் வேண்டியிருந்து, ஆஸ்பத்திரிகளே கைவிட்டுவிட்டன. 2014இல் சட்டத்தைத் திருத்திய பிறகுதான், அங்கீகாரம் பெற்ற நிறுவனம் ஒரே அனுமதியில் வைத்துக்கொள்ளலாம் என்று ஆனது. மத்தியப் பிரதேசத்தின் நீமச்சிலும் உத்தரப் பிரதேசத்தின் காசிப்பூரிலும் அரசாங்கமே அபினி ஆலை நடத்துகிறது. ஆனால் உச்சிப்புளியிலிருந்து ராமநாதபுரம் வரை நான் ஏறி இறங்கிய மருந்துக்கடைகளில் மார்ஃபின் என்று கேட்டால் ஒரு மாதிரிப் பார்த்தார்கள். ஆக, அங்கீகாரம் வாங்கி, கணக்கு வைத்து, நம் கையில் மாத்திரையைக் கொடுக்கிற இடம் என்பதே பெரிய விஷயம்.

மாமாவால் விழுங்க முடியாமல் போனபோது தோலில் ஒட்டுகிற ஃபென்டனில் பட்டை கொடுத்தார்கள், அதுவும் மார்ஃபின் மாதிரி வலி மருந்துதான். மூன்று நாளைக்கு ஒன்று. சித்திரை வெயிலில், கரண்ட் போய்ப் போய் வருகிற வீட்டில், நெஞ்சில் ஒட்டிய பட்டை வியர்வையில் கழன்று லுங்கியில் ஒட்டிக் கிடந்தது. நர்ஸ் அதை முதுகின் மேல்பக்கத்துக்கு மாற்றி, ஓரத்தில் பிளாஸ்திரி போட்டு, அந்த இடத்தில் ஒத்தடம் எதுவும் கொடுக்கக் கூடாது, சூடு பட்டால் மருந்து அதிகமாக உள்ளே இறங்கிவிடும் என்று அத்தையிடம் இரண்டு முறை சொன்னார்.

சரி, இப்போது அந்த அட்டை.

முதல் நாளே ஒரு அட்டை கொடுத்தார்கள். நீலக் கலரில், லேமினேஷன் போட்டது. "24 மணி நேரமும் அழைக்கலாம்" என்று தடித்த எழுத்தில் போட்டு, கீழே ஒரு நம்பர். அந்த நம்பர் ராத்திரி எட்டு மணிக்கு மேல் எடுக்கப்பட்டதை நான் பார்த்ததில்லை. ஒருநாள் இருநாள் கதை இல்லை, கடைசிவரை இதே கதை. மணி அடித்துக்கொண்டே இருக்கும். காலையில் எட்டரை வாக்கில் கூப்பிட்டு, "மிஸ்டு கால் இருந்துச்சே அக்கா, என்ன விஷயம்?" என்பார்கள்.

ஐப்பசி மழையில், கரண்ட் இல்லாத ஒரு ராத்திரி மாமாவின் கன்னத்தில் ரத்தம் கசிய ஆரம்பித்தது. இப்படி ஒருநாள் வரலாம் என்று நர்ஸ் முன்கூட்டியே சொல்லியிருந்தார். கருநீலத்திலோ சிவப்பிலோ துண்டு வாங்கி வையுங்கள், வெள்ளைத் துண்டில் கொஞ்சம் ரத்தம் பட்டாலும் வீடே பயந்துவிடும், நோயாளிதான் முதலில் பயப்படுவார் என்று. ரத்தக் கசிவை நிறுத்துகிற டிரனெக்ஸாமிக் ஆசிட் ஊசி மருந்தும் கொடுத்து வைத்திருந்தார், அதைத் துணியில் நனைத்துப் புண்ணில் அழுத்திப் பிடிக்க வேண்டும். செல்போன் வெளிச்சத்தில் அதையெல்லாம் செய்தேன். கசிவு நின்றது. வலி நிற்கவில்லை. மாத்திரை கொடுத்து ஒரு மணி நேரம்தான் ஆகியிருந்தது. இன்னொன்று கொடுக்கலாமா, கொடுத்தால் மூச்சு நின்றுவிடுமா? இந்த ஒரே ஒரு கேள்விக்குத்தான் ஆள் வேண்டியிருந்தது. யாரும் வண்டி எடுத்துக்கொண்டு முப்பது கிலோமீட்டருக்கு மேல் மழையில் வர வேண்டாம். "கொடுங்க" அல்லது "கொடுக்காதீங்க". அவ்வளவுதான். விடியும்வரை அந்த நம்பரை அடித்துக்கொண்டிருந்தேன், மாமா கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கிடந்தார்.

மறுநாள் டாக்டர் வந்து சாவகாசமாகச் சொன்னார், நடுவில் வலி வந்தால் அதே அளவு ஒன்று கூடுதலாகக் கொடுக்கலாம், நேரத்தை நோட்டில் குறித்து வைத்தால் போதும் என்று. இது மாமாவுக்குச் சொன்ன கணக்கு, உங்கள் வீட்டுக்கு உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும். எனக்கு எரிச்சல் அதில் இல்லை. இத்தனை பக்கம் எழுதிய நோட்டில் இந்த ஒரு வரி ஏன் இல்லை?

அலுவலகத்தில் கேட்டேன். இரவில் அந்தப் போன் டிரைவரிடம் இருக்குமாம், அவர் அசந்து தூங்கிவிடுவாராம். "108ஐக் கூப்பிட்டிருக்கலாமே" என்று ஒருவர் யோசனை சொன்னார். 108 நல்ல சேவைதான், யார் இல்லை என்றது? ஆனால் அவர்கள் வந்தால் ஏற்றிக்கொண்டு போவார்கள், அதுதான் அவர்கள் வேலை. கேஷுவாலிட்டியில் ட்ரிப் ஏற்றுவார்கள், ரத்தம் எடுப்பார்கள், மதுரைக்கு எழுதுவார்கள். அதெல்லாம் வேண்டாம் என்று மாமா சொன்னதால்தானே இவர்களைக் கூப்பிட்டோம்.

ஒரு டாக்டர், இரண்டு நர்ஸ், ஒரு வண்டி. தொண்டியிலிருந்து சாயல்குடி வரை நோயாளிகள். காசு ஒரு பைசா வாங்குவதில்லை. இதையெல்லாம் நானே எனக்குச் சொல்லிக்கொண்டு பல நாள் கோபத்தை அடக்கியிருக்கிறேன். இலவசமாகச் செய்கிறார்களே, குறை சொல்லலாமா என்று ஊரிலும் கேட்கிறார்கள். சொல்லலாம். ராத்திரி வர முடியாது, போனும் எடுக்க முடியாது என்று முதல் நாளே சொல்லியிருந்தால் நான் அதற்கு ஏற்றபடி எல்லாக் கேள்வியையும் பகலிலேயே கேட்டு வைத்திருப்பேன். அந்த 24ஐ நம்பித்தான் கேட்கவில்லை. இல்லாத ஒன்றை அச்சடிக்க அவர்களுக்குச் செலவானது லேமினேஷன் காசு.

இன்னொன்றும் உண்டு. இந்தச் சேவைக்குப் பழைய வாடிக்கையாளர் என்று யாரும் இல்லை. நோயாளி போய்விடுவார். வீட்டுக்காரர்கள் நன்றி சொல்லிவிட்டு, முடிந்தால் ஒரு தொகை எழுதிவிட்டு, அந்தப் பக்கம் திரும்ப மாட்டார்கள். அலுவலகச் சுவரில் நன்றிக் கடிதங்களாக மாட்டியிருக்கிறார்கள். ராத்திரி போன் எடுக்கவில்லை என்று ஒருவர்கூட எழுதியிருக்க மாட்டார்.

நர்ஸ் பிறகு தன் சொந்த நம்பரைக் கொடுத்தார். அலுவலகத்துக்குத் தெரியாமல். எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் எடுத்தார், பின்னால் கைக்குழந்தை அழுகிற சத்தம் கேட்கும். அதனாலேயே எனக்கு நிறுவனத்தின் மேல் கோபம் கூடியதே தவிரக் குறையவில்லை. அந்த நம்பரை யாருக்கும் தர மாட்டேன், தோழியே கேட்டாலும் தர மாட்டேன்.

வைகாசியில் மாமா வீட்டிலேயே போனார், பகல் நேரத்தில், வலி இல்லாமல். டாக்டர் வந்து பார்த்து இறப்புக்கான காரணத்தை எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். வீட்டில் நடக்கிற சாவுக்கு அந்தத் தாள் மிகவும் முக்கியம், வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். 21 நாளுக்குள் பதிய வேண்டும், எங்கள் ஊரில் விஏஓவிடம்தான் பதிவு, தாள் கையில் இருந்ததால் ஒரு கேள்வியும் வரவில்லை.

மார்க் போட வேண்டுமென்றால், நியாயமாக 5க்கு 4 போட வேண்டும். நான் 2 போடுகிறேன். அந்த ஐப்பசி ராத்திரி இன்னும் எனக்குக் கணக்கில் இருக்கிறது.

ஆனாலும் கூப்பிடுங்கள். நம் பக்கத்தில் மாத்திரையும் கையுமாக வீட்டுக்கு வருகிற வேறு ஆட்களை நான் பார்க்கவில்லை. கூடவே ஆரம்ப சுகாதார நிலையத்திலும் பெயர் கொடுத்து வையுங்கள், 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வீட்டுக்கே செவிலியர் வருவார். டிரஸ்ட் ஆட்கள் முதல் நாள் வரும்போது மூன்று கேள்விகளுக்குப் பதிலை நோட்டில் எழுதி வாங்குங்கள்: நடுவில் வலி வந்தால் எவ்வளவு கொடுக்கலாம், ரத்தம் வந்தால் என்ன செய்வது, மூச்சு இரைத்தால் என்ன செய்வது. வாயால் சொன்னால் விடாதீர்கள்.

அட்டையை வாங்கியதும் அன்று ராத்திரியே பத்து மணிக்கு மேல் அந்த நம்பருக்கு ஒரு போன் போட்டுப் பாருங்கள். யாராவது எடுத்தால் எனக்குச் சொல்லுங்கள், மார்க்கை மாற்றிவிடுகிறேன்.